காக்கையும் கணக்கில் உண்டு

பறவை பார்ப்பது என்றதும் வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை என்றுதான் பலருக்கும் மனசு ஓடுகிறது. எனக்கு வாய்த்தது வீட்டுக் கொல்லை. கிணறு, துவைக்கிற கல், இரண்டு முருங்கை, மதிலையொட்டி ஒரு வேம்பு, அவ்வளவுதான். காலையில் காபி டம்ளரோடு பின்கட்டுப் படியில் உட்கார்ந்தால் வரவேண்டியவை தாமாக வருகின்றன.

முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம். வேம்பின் தாழ்ந்த கிளையில் ஒன்று காவலுக்கு நிற்க, மற்றவை கீழே இறங்கிச் சருகுகளை அலகால் புரட்டித் தள்ளும். மதில்மேல் பூனை தலை காட்டிவிட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூச்சல். இவற்றை எண்ணுவது லேசில்லை. நாலு எண்ணி முடிப்பதற்குள் இரண்டு கிணற்றுக்குப் பின்னால் போய்விடும், எங்கிருந்தோ ஒன்று புதிதாக வந்து சேரும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ, அதைத்தான் எழுத வேண்டும். போய்விட்டு வந்ததை மறுபடி கூட்டக் கூடாது.

எண்ணுவதற்காக உற்றுப் பார்க்கும்போதுதான் வேறு சில விஷயங்களும் தெரிகின்றன. சில மாதங்களில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குஞ்சு மட்டும் ஒட்டாத சாயலில் இருக்கும். ஓயாமல் கத்தித் தீனி கேட்கும். தவிட்டுக்குருவிகளும் சளைக்காமல் ஊட்டும். அது சுடலைக்குயிலின் குஞ்சாகவோ அக்காக்குயிலின் குஞ்சாகவோ இருக்கும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரியும். தவிட்டுக்குருவி வீட்டிலும் அதே கதை நடக்கிறது.

பொங்கல் சமயத்தில் ஒரு நாள் அடுத்த வீட்டுப் பெரியம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, விடிஞ்சதும் நோட்டும் கையுமா உக்காந்துட்ட?”

“குருவி எண்ணுறேன், பெரியம்மா.”

“காக்காயுமா?”

“காக்காயும்தான்.”

“அத எண்ணி என்ன பண்ணப்போற?”

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதில் நம் கொல்லையில் இல்லை, ராஜஸ்தானில் இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் என்ற பாறுகள் மலிந்து கிடந்தன. செத்த மாட்டைப் போட்ட இடத்தில் அவை கூட்டமாக இறங்கும். அத்தனை இருந்ததாலேயே பெரும்பாலும் யாரும் எண்ணவில்லை. ஆனால் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் எடுத்த கணக்கு ஒன்று இருந்தது. 1990களின் பிற்பகுதியில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் அங்கே மறுபடி எண்ணிப் பார்த்தபோதுதான் பாறுகள் வேகமாகக் குறைந்துவந்த விபரீதம் உறைத்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது 2004-இல் உறுதியானது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பாலும் கதை முடிந்திருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 சதவீதம் குறைந்துவிட்டதாக ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் இன்று அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். இப்படிப்பட்ட பழைய கணக்குகள் இல்லாமல் போயிருந்தால், “அப்பெல்லாம் நிறைய இருந்துச்சு” என்ற பேச்சு மட்டும்தான் நம்மிடம் மிஞ்சியிருக்கும்.

அந்தப் பேச்சை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சிட்டுக்குருவியே சாட்சி. குருவி அழிந்துவிட்டது, செல்போன் கோபுரம்தான் கொன்றது என்று ஊரெல்லாம் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கால் நூற்றாண்டாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. சென்னைவாசியின் வருத்தம் பொய்யில்லை. அவர் தெருவை வைத்து நாட்டுக்கே கணக்குப் போட்டதுதான் கோளாறு.

2023-இல் வந்த அடுத்த அறிக்கை 942 வகைப் பறவைகளை அலசியது. அவற்றில் 178 வகைகளை உடனே கவனிக்க வேண்டியவை என்றது. மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன. கம்பியில் உட்கார்ந்து நீலச் சிறகு விரிக்கும் பனங்காடை குறைந்திருக்கிறது. இந்த அறிக்கையின் அடித்தளம் 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்த 3 கோடிக்கும் மேலான குறிப்புகள். அவர்களில் விஞ்ஞானிகள் சிலர்தான். ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்றவர் என்று மற்ற எல்லோரும் நம்மைப் போன்றவர்களே.

இதில் சேர இரண்டு நல்ல வாசல்கள் உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையையொட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வலசை வந்த பறவைகள் நம் ஊரில் தங்கியிருக்கும் மாதம் அது. பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு. 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் எல்லா நாட்டுக்கும் திறந்துவிடப்பட்டது. இரண்டிலும் வேலை ஒன்றுதான். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் குரல் கேட்டு அடையாளம் தெரிந்ததையும் ஒன்று விடாமல் எழுதி இபேர்ட் தளத்தில் பதிய வேண்டும்.

அந்த ‘ஒன்று விடாமல்’ என்பதில்தான் சூட்சுமம். காக்கை, மைனா, புறா எல்லாம் எதற்கென்று விட்டுவிட்டு, என்றோ வந்த பஞ்சுருட்டானை மட்டும் எழுதினால் அது நமக்குப் பெருமை, ஆய்வுக்குப் பயனில்லை. முழுப் பட்டியலாக இருந்தால்தான், அதில் இல்லாத பறவை உண்மையிலேயே வரவில்லையா, எழுதுகிறவர் சோம்பலில் விட்டுவிட்டாரா என்று தெரியும். பறவை அதிகம் வராத நாளின் பட்டியலுக்கும் இதனாலேயே மதிப்பு உண்டு. அடையாளம் தெரியாததை ஊகத்தில் எழுத வேண்டாம். தெரிந்த பத்தை ஒழுங்காக எழுதினால் போதும்.

கொல்லை இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, அடுக்குமாடிக்காரர்களுக்குப் பால்கனி இருக்கிறது. வருகிற பொங்கலுக்குக் கரும்பு கடித்துக்கொண்டே ஒரு 15 நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் கண் கூர்மை. எழுதியதை மறக்காமல் பதிந்துவிடுங்கள், நோட்டிலேயே கிடந்தால் யாருக்கும் உதவாது.