முந்திரிக் கடையும் அந்தரங்கக் கொள்கையும்

வரதராஜன்பேட்டையில் முந்திரிப்பருப்பு வியாபாரம் செய்துவரும் என் சித்தப்பா மகன், வெளியூர் வாடிக்கைக்காரர்களின் பொருட்டு இணையதளம் ஒன்று தொடங்கி, அதற்கு ஒரு ‘பிரைவசி பாலிசி’ எழுதித் தரும்படி கேட்டான். பெரிய கம்பெனி எதனுடைய வாசகத்தையாவது எடுத்துப் போட்டால் ஆயிற்று என்பது அவன் அபிப்பிராயம். ஆனால் எதைச் சேகரிக்கிறோம், எதற்காக, யாரிடம் கொடுக்கிறோம் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லவேண்டிய ஒரு பத்திரத்தை இரவல் வாங்குவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே முதலில் ஆர்டர் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டோம். பெயர், விலாசம், கைபேசி எண் ஆகியவை பார்சல் போய்ச் சேர அவசியம். பிறந்த தேதி எதற்கு என்றேன். “வாழ்த்து அனுப்பலாம்ண்ணே” என்றான். கால் கிலோ முந்திரி வாங்குகிறவருடைய ஜாதகம் நமக்கெதற்கென்று அதை நீக்கச் செய்தேன். கூரியர்காரருக்கு விலாசம் போவதையும் ஒளிக்காமல் எழுதினோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்ததன் பின்னர், 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கோரும் வாசகம் தெளிவான எளிய நடையில் அமையவேண்டுமென்றும், அதை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழியிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது (அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, பிரதான கடமைகளுக்கு 18 மாத அவகாசம்). தமிழிலேயே எழுதிவிட்டோம். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாயிருக்க வேண்டுமென்ற ஷரத்துக்குத்தான் தம்பி முகம் சுளித்தான். பண்டிகைக் கால விளம்பரம் பிடிக்காதவர் வாட்ஸப்பில் ‘வேண்டாம்’ என்று அனுப்பினால் போதும் என்று அதையும் சேர்த்தாயிற்று.