பென்சில் வட்டம்

லாஸ் ஏஞ்சலிஸ். டிசம்பர் மாலை. தேவாலயத்தை ஒட்டிய கூடம். அரைவட்டமாக இரும்பு நாற்காலிகள். அவற்றின் முதுகில் கோட்டுகள். காலடியில் தண்ணீர் பாட்டில்கள். பியானோ மூடிக் கிடக்கிறது.

இசைத்தாளின் தலைப்பு, 'ஓ மாக்னும் மிஸ்தேரியும்'. பெரும் மறைபொருள். இசை, மோர்ட்டன் லாரிட்ஸன். 1994 டிசம்பர் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கோரால் என்ற பாடகர் குழு முதன்முதலாகப் பாடியது. சொற்கள் இடைக்கால லத்தீன். கிறிஸ்துமஸ் வைகறைச் செபத்துக்கு உரியவை. முன்னணையில் ஒரு குழந்தை. வாயில்லா ஜீவன்கள் பார்த்து நிற்கின்றன. சுமந்து பெற்றவள் கன்னி. அவ்வளவுதான் சேதி.

நடத்துபவர் இசைக்கவையை முழங்காலில் தட்டுகிறார். காதோரம் பிடிக்கிறார். மெல்ல முனகுகிறார். நாற்பது பேர் அதை வாங்கிக்கொள்கிறார்கள். கை எழுகிறது.

பக்கவாத்தியம் கிடையாது. டி மேஜர். பக்கங்கள் ஓசையின்றிப் புரள்கின்றன. ஜன்னலோர முதியவர் தாளைப் பார்ப்பதே இல்லை.

'விர்கோ' வருகிறது. கன்னி. பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்டோ அந்தச் சொல்லில் ஜி ஷார்ப்பைத் தொட வேண்டும். டி மேஜருக்கு அந்நியமான ஸ்வரம் அது. பாட்டு முழுவதிலும் அந்நிய ஸ்வரம் அது ஒன்றுதான்.

கை நிற்கிறது. யாரோ ஜியிலேயே தங்கிவிட்டார்கள். மறுபடி. இப்போது ஷார்ப் வருகிறது, சத்தமாக. நடத்துபவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டுகிறார். மறுபடி. மேல்குரல் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் பாட்டில் மூடியைத் திறக்கிறார், குடிக்காமல் மூடுகிறார். மறுபடி.

ஆல்டோ வரிசையில் பென்சில்கள். ஸ்வரத்தைச் சுற்றி வட்டங்கள். தாள்கள் பழையவை. சிலவற்றில் வட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

வடகிழக்கே, பக்கத்து ஊர் பாஸடீனா. நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம். இந்தப் பாட்டுக்குத் தூண்டுதல் என்று லாரிட்ஸன் சொல்லும் ஓவியம் அங்கே இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1633இல் வரைந்தது. கன்னங்கரிய பின்புலம். மெருகேறிய மேசை. இடப்பக்கத் தட்டில் எலுமிச்சைகள். நடுக்கூடையில் ஆரஞ்சுகள், மேலே பூவும் இலையும். வலப்பக்கம் வெள்ளித் தட்டு. அதில் தண்ணீர்க் கோப்பை. கோப்பையருகே ஒரு ரோஜா. கிறிஸ்தவ ஓவிய மரபில் முள்ளில்லாத ரோஜா கன்னி மரியாளின் குறியீடு.

ஓவியத்தை ஒருவர் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார். இன்னொருவர் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். பழங்களைக் கடந்து அவர் பார்வை வலப்பக்கம் போகிறது. அங்கேயே இருக்கிறது.

கூடத்தில் மணி ஒன்பது. ஜன்னலுக்கு வெளியே கார் ஒன்று பின்னால் நகர்கிறது. நடத்துபவர் அது போகட்டும் என்று நிற்கிறார். கை எழுகிறது.

விர்கோ. ஜி ஷார்ப் மெல்ல உரசுகிறது. அடுத்த ஸ்வரத்தில் அடங்குகிறது. முதியவர் கண்களை மூடுகிறார்.

கை நிற்கவில்லை. பாட்டு அல்லேலூயாவுக்குப் போகிறது.