இரை எடுத்தல்

டிசம்பர் முதல் வாரத்தில் அவள் புனேயில் புது வீட்டுக்குக் குடிவந்தபோது இறக்கிய சாமான்களில் பாதி அவளுடையவை அல்ல. கண்ணாடித் தொட்டி, வெப்பத் தகடு, தெர்மோஸ்டாட், சமையல் தராசு என்று அவை யாவும் ஒரு பாம்புக்கு உரியவை. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற தோழி ஒப்படைத்துப் போன நான்கு வயது ஆண் பால் பைத்தான் அது. அப்பெயரை அவள் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதி அனுப்ப, திருநெல்வேலியிலிருந்து அம்மா உடனே அழைத்தார்: "பால் குடிக்கிற பாம்பாடி?" பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பசுவின் பாலும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டதன் விளைவு. அஞ்சினால் தலையை நடுவில் பொதிந்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும் இனம் அது. பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எந்தப் பாம்புக்குமே இல்லை. நாகபஞ்சமியன்று கிண்ணத்தில் வாய் வைக்கும் பாம்பு பெரும்பாலும் பல நாள் தண்ணீரின்றி அடைபட்டுக் கிடந்த பாம்பு.

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த அயல் இனத்தை, 2024இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிந்து வைத்திருக்கலாம். கைமாறியதையும் முறைப்படி தெரிவித்தாயிற்று. தாள்களில் எந்தச் சிக்கலும் இல்லை. பாம்புதான் இரை எடுக்கவில்லை.

முதல் ஒரு வாரம் அவள் தொட்டியை நெருங்கவே இல்லை. இடம் மாறிய பாம்புக்கு அந்த அவகாசம் வேண்டும் என்று தோழி எழுதி வைத்திருந்தாள். அதன்பின் சனிக்கிழமைதோறும் அதே சடங்கு. வீட்டு உரிமையாளர் சைவர். பாம்புக்குச் சம்மதித்தவர் எலிக்குச் சம்மதிக்கவில்லை. ஆகவே உறைந்த எலிகள் ஆய்வுத்துறை நண்பர் ஒருவரின் ஃப்ரீசரில் இருந்தன. மாலையில் ஒன்றை எடுத்துவந்து, உறை நீங்கும்வரை வைத்திருந்து, பிளாஸ்டிக் உறையோடு வெந்நீரில் அமிழ்த்திச் சூடேற்றி, நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். அப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு; ஆறிப்போன எலி அதற்கு எலியே அன்று. தலை மெல்ல வெளியே வரும், நாக்கு இருமுறை நீளும், பிறகு தலை உள்ளே போய்விடும். ஒருமுறை உறை நீங்கிய எலியை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. எனவே அவ்வாரத்து எலி குப்பைக்குப் போகும்.

கொண்டுவந்த நாளில் எடை 1,240 கிராம். ஒன்பதாம் வாரம் 1,170. தோழி அங்கிருந்து நாள்தோறும் ஒற்றைக் கேள்வி அனுப்பினாள்: "சாப்பிட்டானா?" அக்கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருப்பவளுக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டது. வாயைத் திறந்து இரையைத் திணிக்கும் முறை ஒன்று உண்டு என்று படித்தவள், அதற்கெனவே கால்நடை மருத்துவரிடம் தொட்டியோடு போனாள். அவர் வாயின் உட்புறத்தைப் பார்த்தார், மூச்சில் ஒலி இருக்கிறதா என்று கவனித்தார், எடைக் குறிப்பைப் படித்தார். வளர்ந்த ஆண் பாம்பு, அதுவும் குளிர்மாதங்களில், பல மாதம் உண்ணாதிருப்பது வியப்பன்று என்றார். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் வரச் சொன்னார். திணிக்கக் கூடாது என்பதை மட்டும் இருமுறை சொன்னார்.

தமிழ் இதை முன்பே அறிந்துவைத்திருப்பது போலத் தோன்றுகிறது. உண் என்பதற்கு ஊட்டு என்று பிறவினை உண்டு, குழந்தைக்கு ஊட்டுகிறோம். பாம்பு உண்பதாக யாரும் சொல்வதில்லை. அது இரை எடுக்கிறது. அதற்கு இயல்பான பிறவினை இல்லை. இலக்கணப்படி எடுப்பித்தல் என்று ஆக்கலாம், ஆனால் எந்த வாயும் அதைச் சொல்லாது. இரையை வைக்கலாம், போடலாம், காட்டலாம். எடுப்பது பாம்பின் வினை.

மருத்துவரிடமிருந்து திரும்பியவள் எலியை விட்டுவிட்டு அறையைப் பார்க்கத் தொடங்கினாள். தெர்மோஸ்டாட் 31 பாகை காட்டியது. ஆனால் அதன் உணர்முனை தகட்டின்மேல் ஒட்டியிருந்தது. பாம்பு படுத்திருந்த ஒளிவிடத்தின் தரை 25தான். வடக்கு நோக்கிய அறை, புனேயின் சனவரி. கீழ்த்தளத்தில் மாவு அரைக்கும் மில் ஒன்று இரவு எட்டு மணிவரை ஓடியது. அவள் இரை நீட்டிய நேரமெல்லாம் ஏழு. தரையின் அதிர்வை உடலால் கேட்கும் உயிருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவள் அதுவரை எண்ணியதில்லை. கண்ணாடியின் மூன்று பக்கங்களிலும் கருப்புத் தாள் ஒட்டினாள். உணர்முனையை இடம் மாற்றினாள். எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் இனத்துக்குத் தான் கொடுத்திருந்தது ஒரு காட்சிப்பெட்டி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை மில் நின்றபின், பதினொரு மணிக்கு, சூடேற்றிய எலியை ஒளிவிடத்தின் வாயிலில் வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கூடத்தில் அமர்ந்திருந்தபோது அம்மா அழைத்தார். பாம்பின் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அது கெடக்கட்டும், நீ சாப்பிட்டியா?" என்றார். அவள் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றாள்.

காலையில் ஒளிவிடத்தின் வாயில் வெறுமையாக இருந்தது. உள்ளே பாம்பின் நடுவுடல் சற்றே புடைத்திருந்தது. வெப்பமா, இருளா, மில்லின் அமைதியா, அல்லது அதற்குப் பசிக்கும் வேளை வந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டாள், ஆய்வாளருக்கு அழகன்று. தோழிக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அது மீண்டும் மறுத்தது. குறிப்பேட்டில் தேதியையும் எடையையும் எழுதிவிட்டு, சோறு வைக்கச் சமையலறைக்குப் போனாள்.