இடாப்பும் மரவள்ளியும்

சென்ற மாதம் என் பேர்த்தி, பாடசாலையிற் கொடுத்த படிவமொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து என் அருகில் அமர்ந்தாள். "அப்பாயி, உங்க தொழில் என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எழுதச் சொன்னேன். திண்ணையில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிராமலே, "பாதிதான் எழுதியிருக்கு" என்றார். படிவத்திலோ ஒரு கட்டந்தான் இருந்தது. எழுதப்படாது விடப்பட்ட அந்த மற்றப் பாதியைப் பற்றியும் சிறிது சொல்லலாமென்று தோன்றியது.

பல்லேகல என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானந்தான் நினைவுக்கு வரும். அது 2009இல் எழுந்தது. கண்டி நகரின் நடுவே இருந்த போகம்பறைச் சிறைச்சாலையும் 2014இல் இங்கு மாற்றப்பட்டது. நான் மணமாகி இவ்வூருக்கு வந்த 1966இல் இவை ஒன்றும் இல்லை. எங்கு நோக்கினும் கொக்கோ மரங்களே நின்றன. கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்த பின்னர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தும்பறைப் பள்ளத்தாக்கிற் கொக்கோவைப் பயிரிட முன்னின்றவர்களுள் ஒருவர் பல்லேகலத் தோட்டத்து டைட்லர் என்னும் துரையாவார். அந்த வழியில் வந்த மரங்கள் சில எங்கள் இரண்டு ஏக்கர் சரிவிலும் இருந்தன. என் மாமனார் கடை வைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம் அது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுப் பிரஜையாகும் பேறும் அவருக்குக் கிட்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களுள் அவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவர் மிகச் சிலரே. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததால் நான் இங்கே தங்கினேன். என் பெற்றோர் தங்கவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பசுவிற் பால் கறந்து, புல் அறுத்துப் போட்டு, அடுப்பு மூட்டிவிட்டு இரண்டு மைல் நடந்தால் நான் கற்பித்த தோட்டப் பாடசாலை வரும். பாடசாலை என்றால் ஒரு மண்டபம், தகரக் கூரை, ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியை. மழை பெய்தால் என் குரல் எனக்கே கேளாது. அவ்வேளைகளிற் கணக்குப் பாடத்தை நடத்துவேன். காய்ந்த கொக்கோ விதைகளை ஒரு பையில் எடுத்துச் சென்று கூட்டலும் கழித்தலும் விதைகளைக் கொண்டே கற்பித்தேன். பிள்ளைகள் சிலர் கழித்த விதைகளை வாயிற் போட்டுக்கொண்டு, கசப்புத் தாளாமல் முகத்தைச் சுளிப்பர். கழித்தல் எவ்வளவு கசப்பென்று அன்று நகைத்தேன்.

மாலையில் வேறு பாடம். கொக்கோக் காயைத் திருகிப் பறித்தலாகாது. பூ அரும்பும் கணு காயமுற்றால் அவ்விடத்தில் மறுமுறை காய்க்காது. ஆதலின் கத்தியால் அறுக்கவேண்டும். காயை மரக்கட்டையால் தட்டி உடைத்து, வெண்சதையோடு கூடிய விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடிவைப்போம். குவியல் சூடேறிப் புளித்த மணம் வீசும். அடியிலுள்ளவை மேலே வருமாறு ஓரிரு நாளுக்கொருமுறை கிளறவேண்டும். ஐந்தாறு நாள் சென்றபின் கழுவி வெயிலில் உலர்த்துவோம். விதையொன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, உள்ளே ஊதா நிறமிருந்தால் அவசரப்பட்டுவிட்டோமென்று பொருள். பழுப்பாயிருந்தால் நல்ல விலை. என் மாமியார் வெட்டிப் பார்க்கவே மாட்டார். கையைக் குவியலுக்குள் விட்டுச் சூட்டைக் கொண்டே நாளைச் சொல்லிவிடுவார். எழுத்தறியாத அந்த அம்மாளிடம் நான் கற்றுக்கொண்டது ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கிடைக்கவில்லை. உலர்த்தும் பாயை அணிலிடமிருந்து காத்தபடியே மாணவர் கொப்பிகளைத் திருத்துவேன். கொப்பிகளிற் சிலவேளை கொக்கோச் சாறு பட்டிருக்கும். மறுநாள் பிள்ளைகள் அதனை முகர்ந்து பார்ப்பார்கள்.

1973, 1974ஆம் ஆண்டுகளை அக்காலத்திற் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவும் அரிது. பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். தோட்டங்களில் மரணத்தொகை உயர்ந்த காலம் அது.

அந்நாளில் ஒரு காலைப்பொழுது, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பலகைமீது தலையைச் சாய்த்து உறங்கினான். இருமுறை எழுப்பினேன். மூன்றாம் முறையும் உறங்கக் கண்டபோது பிரம்பை எடுத்து உள்ளங்கையில் மூன்று அடி கொடுத்தேன். அவன் அழவில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்த அவன் தங்கை எழுந்து நின்று, "டீச்சர், அண்ணன் நேத்து ராத்திரியும் சாப்பிடல. எனக்குக் குடுத்துட்டாங்க" என்றாள்.

பிரம்பை மேசைமீது வைத்தேன். அதன்பின் நான் என்ன பாடம் நடத்தினேன் என்பது நினைவில் இல்லை.

மறுநாள் முதல் எங்கள் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கிற் பன்னிரண்டு இறாத்தலைச் சாக்கிற் கட்டித் தலையிற் சுமந்துகொண்டு பாடசாலைக்குச் சென்றேன். பிள்ளைக் காம்பரா ஆயம்மா பெரிய பானையொன்று தந்தார். மரவள்ளியைப் பானையை மூடாமல் அவிக்கவேண்டும்; நச்சு ஆவியோடு போய்விடும். அவிந்ததும் உப்பிட்டு, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தோம். அடிபட்ட சிறுவன் தன் துண்டை வாங்கிக்கொண்டு தூரத்திற் போய் அமர்ந்து தின்றான். என் முகத்தை நோக்கவில்லை.

இரண்டு வாரங்கள் இவ்வாறு சென்றன. ஒருநாள் அதிகாலையிற் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து நின்றார். "நாம என்ன தர்மசத்திரமா நடத்துறோம்? நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. கிழங்கு வித்தாத்தான் அதுங்களுக்குச் சட்டை" என்றார். அவர் சொன்னதிற் பிழையில்லை. அரிசியில்லாத காலமாதலின் கிழங்குக்கு அவ்வாண்டு நல்ல விலை இருந்தது. தோட்ட நிர்வாகம் எனக்குத் தந்த சம்பளமும் சொற்பம். நான் மறுமொழி சொல்லாது சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு கிழமை வரையிற் பேச்சில்லை. பிள்ளைகளே இருவருக்குமிடையில் தூது சென்றனர்.

அக்கிழமை முடிவில் வேலியோரமாக மண் வெட்டும் ஓசை கேட்டது. சென்று பார்த்தேன். முன்னொருபோதும் பயிரிடாத அக்கல்லு நிலத்தைக் கொத்தி மூன்று வரிசை மரவள்ளித் தடி நட்டிருந்தார். "இது யாருக்கு?" என்று கேட்டேன். "காட்டுப் பன்றிக்கு" என்றார்.

பன்றிகளும் கொஞ்சம் தின்னத்தான் செய்தன.

பசியைவிட விரைவாக என் வகுப்பைக் கரைத்தது வேறொன்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்குமென்று கணக்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். கொக்கோ விதையாற் செய்யும் கணக்குப் போலவே இருந்தது. கடவுச்சீட்டுக் கிடைத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கண்டியிற் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தன. ஏறுவோரும் வழியனுப்புவோரும் கதறிய அவ்வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று எம்மக்கள் பெயரிட்டனர். 1973இல் என் பெற்றோரும் அதில் ஏறினர். தந்தையார் சன்னலூடாக, "பசு சினையா இருக்குன்னியே, கன்னு போட்டா கடுதாசி எழுது" என்று மட்டும் சொன்னார். எழுதினேன். நீலகிரியிற் கோத்தகிரியிலிருந்து பதில் வந்தது. அங்கும் தேயிலைதான், குளிர் அதிகம் என்றிருந்தது. அதன்பின் அவர்களை நான் காணவில்லை.

பிற்காலத்துச் செய்திகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1977 முதல் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எங்கள் பாடசாலையின் முறையும் வந்தது. நான் அரசாங்க ஆசிரியையானேன். இரண்டாவது ஆசிரியரும் வந்தார். 1984இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கி, நாங்கள் சந்தைக்குச் சென்ற பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மறைந்தது. எங்கள் சரிவு மேட்டிலிருந்தமையால் தப்பியது. கொக்கோவில் இன்று மூன்று மரங்களே எஞ்சியுள்ளன. மிளகுதான் வீட்டை நடத்துகிறது.

அந்த வரவு இடாப்புகளை மட்டும் என்னால் மறக்க முடிவதில்லை. பிள்ளையொன்று விலகினால் பெயரின்மேற் சிவப்பு மையாற் கோடிட்டு, பக்கத்திற் காரணம் எழுதவேண்டும். இந்தியா சென்றமையால் நீக்கப்பட்டது என்று எழுதியெழுதிக் கை பழகிவிட்டது. ஒரு தவணையிற் பதினொரு பெயர்களை வெட்டினேன்.

1975இல் ஒருநாட் காலை அந்தச் சிறுவனின் தாயார் இரவல் வாங்கிய சிலேட்டைத் திருப்பித் தர வந்தார். மறுநாள் பயணமென்றார். சிறுமி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் வாசலுக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் நின்றான். உள்ளே வருமாறு தாய் அழைத்தும் வரவில்லை. எழுந்து சென்று அவன் கையைப் பற்றி, அன்று அடித்தது பிழையென்று சொல்லிவிடவேண்டுமென நினைத்தேன். ஆசிரியை ஒருத்தி மாணவனிடம் அவ்வாறு சொல்லும் வழக்கம் எங்களூரில் இல்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலேட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று தாயிடம் கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் வளைவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு வந்து, சிவப்பு மைப் போத்தலைத் திறந்தேன்.