மீதியிருக்கும் வருஷங்களின் விலை



இவ்வாரத் தியானத்துக்கு லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் 14 முதல் 17 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்கிறோம். யூபிலி வருஷத்தைப் பற்றிய அதிகாரம் என்றவுடன் நம் மனம் எக்காளத்தின்மேலும் விடுதலையின்மேலும் போய்விடுகிறது. நடுவிலிருக்கும் இந்த நான்கு வசனங்கள் கணக்குப்பிள்ளை எழுதியவைபோல இருப்பதால், அவற்றை வேகமாய்க் கடந்துவிடுகிறோம். ஆனால் பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறவருக்கு வேதத்தில் இவற்றைவிட நேரடியான பகுதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காரைப் பற்றி ஏன் இப்போது எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தை, மாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் விலையாகிறபோது நம் சபையார் சிலர் கார் பார்க்கப் புறப்படுகிறார்கள். ஆடம்பரத்துக்காக அன்று. வயதான தாயை இராத்திரியில் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கடைசிப் பேருந்தும் போய்விட்ட கிராமத்தில் வேறு வழியில்லை. புது வண்டிக்குப் பணம் எட்டாது. வானம் பார்த்த கரிசலில் ஒரு போகத்து வருமானம் முழுவதும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் கைமாறிப் போகிறது. அடுத்த போகம் வருமா என்பதை ஐப்பசி மழைதான் சொல்லும்.

வசனத்துக்கு வருவோம். இஸ்ரவேலில் நிலத்தை நிரந்தரமாய் விற்க இயலாது. யூபிலி வந்தால் அது பழைய சொந்தக்காரனுக்குத் திரும்பிவிடும். ஆகவே விற்கிறவன் மண்ணை விற்கவில்லை; மீதியிருக்கும் வருஷங்களின் விளைச்சலை விற்கிறான். வருஷங்கள் அதிகமிருந்தால் விலை ஏற வேண்டும், குறைந்திருந்தால் இறங்க வேண்டும் என்று கர்த்தர் விலை நிர்ணயத்துக்கே விதி எழுதிக் கொடுத்தார். ஒருவரையொருவர் வஞ்சிக்கக் கூடாது என்ற கட்டளையும் அதே இடத்தில் வருகிறது. அது விற்கிறவனுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. வாங்குகிறவனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

காரும் அப்படியே. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷங்களுக்கு. அதன்பின் சோதித்துப் பார்த்து ஐந்தைந்து வருஷமாய்ப் புதுப்பிக்க வேண்டும். ஒன்பது வருஷம் ஓடிய வண்டியை நீங்கள் வாங்கினால், முதல் பதிவில் மீதியிருக்கும் ஆறு வருஷங்களையும் அந்த இயந்திரத்தில் மீதியிருக்கும் உழைப்பையும் வாங்குகிறீர்கள். விற்பனைக் கொட்டகையிலோ அந்த ஆறு வருஷங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பளபளப்பைப் பற்றிப் பேசுவார்கள். புது இருக்கை உறை, பாலிஷ், பெரிய பாட்டுப் பெட்டி, கண்ணாடியில் ஒரு வேத வசன ஸ்டிக்கர்.

நம் முன்னோர் இதைவிட விவரமாய் வாங்கினார்கள். எட்டயபுரம் சந்தைக்குப் போனவர் மாட்டின் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை சொல்லவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடைசேர்ந்ததா என்பதில் அதன் மீதி வருஷங்கள் தெரிந்துவிடும். காருக்கும் பல் உண்டு, வேறு இடங்களில். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். 2019இல் வாங்கிய வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள். டயர் நான்கும் 2024இல் செய்தவையாக இருந்தால், அவ்வளவு சீக்கிரம் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாய்த் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் தோல் மினுங்குகிறதா என்று பாருங்கள். மீட்டரைத் திருத்தலாம். மிதியைத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை.

பழைய காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் உரிமை கோராமைக்கான தள்ளுபடி என்று ஒன்று இருக்கும். முதல் வருஷம் இழப்பீடு கேட்காதவருக்கு 20 விழுக்காடு, பின்னர் படிப்படியாய் ஏறி 50 விழுக்காடு வரை போகும். ஆறு வருஷத்து வண்டிக்கு அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், “ஒரு கீறல்கூட இல்லை” என்ற பேச்சுக்கு விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே பத்திரத்தில் வண்டியின் காப்பீட்டு மதிப்பும் இருக்கும். அது சந்தை விலையன்று. ஆனாலும் விற்பனையாளர் சொல்லும் தொகை அதைவிட வெகுதூரம் உயர்ந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

விலையை ஒப்பிடுவதில் நம்மவர்கள் ஒரு காரியத்தைக் கவனிப்பதில்லை. கைபேசியில் காண்பவை கேட்கும் விலைகள். கைமாறிய விலைகள் அல்ல. அதே மாடல், அதே வருஷம், அதே எரிபொருள், எத்தனையாவது சொந்தக்காரர் என்பதும் ஒன்றாயிருக்கிற வண்டிக்குத் திருநெல்வேலியிலும் மதுரையிலும் சிவகாசியிலும் விலை கேளுங்கள். பின்பு ஒருவரிடம், இப்படிப்பட்ட வண்டியை நான் விற்க வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தொகைக்கும் நடுவிலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அப்போது விளங்கும். அந்த இடத்தில்தான் பேரம் நடக்கிறது. முழு விலையின்மேலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டுக் காட்டினால் நிறுத்திக் கேளுங்கள். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பழைய வண்டிகளுக்குச் சொன்ன அந்த வரி, விற்பனையாளரின் லாபத் தொகையைச் சார்ந்தது.

பேச்சுத் தந்திரங்களுக்கு ஆதியாகமம் 23ஐ வாசியுங்கள். சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டு வந்த ஆபிரகாமிடம் எப்பெரோன் முதலில், சும்மாவே எடுத்துக்கொள்ளும் என்கிறான். பின்பு, நமக்குள்ளே இது என்ன பெரிய காரியம் என்ற தோரணையில் 400 சேக்கல் வெள்ளியைச் சொல்லிவிடுகிறான். அது மிகுந்த விலை என்றே வேத ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். துக்கத்தில் இருந்தவன் பேரம் பேசவில்லை. எப்பெரோன் இன்றும் உயிரோடிருக்கிறான். “உங்ககிட்ட லாபம் பார்ப்பேனா ஐயா” என்கிறான். “சாயந்தரம் வேறொரு பார்ட்டி அட்வான்ஸ் போட வர்றாங்க” என்கிறான். விலையைக் கேட்டால் மாதத் தவணையைச் சொல்கிறான்.

இந்தத் தவணையில் சற்று நில்லுங்கள். நாலு லட்சம் கடன், நாலு வருஷம், வட்டி பத்தே விழுக்காடு என்பார்கள். முழுக் கடனுக்கும் நாலு வருஷமும் பத்து விழுக்காடு போட்டால் வட்டி 1,60,000 ரூபாய். மாதம் 11,667 ரூபாய். ஆனால் நீங்கள் மாதந்தோறும் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்களே! குறைந்துவரும் அசலின்மேல் கணக்கிட்டால் அது வருஷத்துக்கு 17 விழுக்காட்டையும் தாண்டிய வட்டி. பொய் சொல்லப்படவில்லை, ஆனால் உண்மையும் சொல்லப்படவில்லை. கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் லூக்கா 14இல் சொன்னார். உட்கார்ந்து என்பதைக் கவனியுங்கள். வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு போடுகிற கணக்கு சரியாய் வருவதில்லை, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நம்மை அதிகமாய் மடக்குகிற தந்திரம் வேறொன்று. “வித்தவங்க விசுவாசிகள்தாம் ஐயா.” “உங்க சபைக்காரர் ஒருத்தருக்குப் போன மாசம் கொடுத்தேன்.” சில சமயம் என் பெயரும் அதில் சேர்ந்துவிடுகிறது. நான் எந்த வண்டிக்கும் எந்தத் தரகருக்கும் சாட்சி அல்ல என்பதை இங்கே தெளிவாய் எழுதிவிடுகிறேன். யோசுவா 9ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் காட்டி, கர்த்தருடைய நாமத்தையும் சொல்லித்தான் வந்தார்கள். இஸ்ரவேலர் கண்டதை நம்பினார்கள். அங்கே புதியதைப் பழையதாக்கிக் காட்டினார்கள். இங்கே பழையதைப் புதியதாக்குகிறார்கள், அவ்வளவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கியிருந்தது. வெள்ளம் புகுந்த வண்டிகளை முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் தீர்த்து, ஏலத்தில் விடுவது வழக்கம். ஏலத்தில் எடுத்து, பழுதுபார்த்து, விவரத்தைச் சொல்லி விற்பதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதே வஞ்சகம். தண்ணீர் குடித்த வண்டி முதல் நாளே நின்றுவிடாது. மின்கம்பி இணைப்புகளில் மெதுவாய்ப் பச்சை பூத்து, பல மாதங்களுக்குப் பின் ஒரு இராத்திரியில் நெடுஞ்சாலையில் விளக்கணைந்து நிற்கும். மருத்துவமனைக்குப் போகிற வழியாகவும் அது இருக்கலாம். ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே நிற்கும். உபரிச் சக்கரத்தை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவுங்கள். தரைவிரிப்பைத் தூக்குங்கள். புதிதாய்த் தெளித்த வாசனை தூக்கலாய் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். விற்கிறவனுக்குக் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எனவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் பயந்து விலையைக் குறைக்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையைவிட்டே விலகுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவன் மறைக்கிற குறைக்கு அவனை அறியாத ஒரு நேர்மையானவனும் விலை கொடுக்கிறான். லேவியராகமத்தின் கட்டளை ஏன் ஊர் முழுவதற்கும் கொடுக்கப்பட்டது என்பது இதனால் எனக்கு இன்னும் நன்றாய் விளங்கியது.

பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எரேமியா 32இல் தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார்; நகரத்தைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கியபோது நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். நாமோ, “பேரு மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறோம். படிவம் 29, படிவம் 30 இரண்டும் கையெழுத்தாகிப் பதிவுச் சான்றில் பெயர் மாறும்வரை விற்பனை முடியவில்லை. கடன் இருந்த வண்டியென்றால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் எழுதுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பழைய வண்டி விற்கும் நிறுவனம் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பல கைகள் மாறியும் பதிவுச் சான்றில் பெயர் மாறாதிருந்த ஒரு கார் ஒரு பிள்ளையின் மேல் ஏறி உயிரைப் பறித்த வழக்கில், சான்றில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் இதை இரண்டு முறை வாசிக்கவும்.

தரகரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் நமக்குச் சௌகரியமாயிருக்கும். நீதிமொழிகள் 20:14 அதற்கு இடங்கொடுப்பதில்லை. வாங்குகிறவன் உதவாது, உதவாது என்று சொல்லி விலையை இறக்கி, வீட்டுக்குப் போனபின் மெச்சிக்கொள்ளுகிறான் என்று அந்த வசனம் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. மகளின் கல்யாணத்துக்காகவோ ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ அவசரமாய் விற்கிற ஒருவரிடம், அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டு அரை விலைக்கு எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை “தேவன் நல்ல வண்டி கொடுத்தார்” என்று சாட்சி சொல்வதும் உண்டு. வருஷங்களை எண்ணி விலை பேசச் சொன்ன கட்டளை அந்தச் சாட்சியையும் விசாரிக்கும். நம்மில் யாராவது தம் வண்டியை விற்கப் போகிறார்களானால், அறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி முதலில் அதையே கையில் கொடுங்கள்: இடி பட்டது, கிளட்ச் மாற்ற வேண்டும், ஏ.சி. வேலை செய்யவில்லை. பத்தாயிரம், இருபதாயிரம் குறையலாம். குறையட்டும்.

கடைசியாக, வண்டி பார்க்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். விற்கிறவர் ஏற்பாடு செய்கிற மெக்கானிக் வேண்டாம். விற்றால்தான் கமிஷன் என்றால் அவர் கண்ணுக்குத் துரு தெரியாது. கூட வருகிறவரின் கூலியை முன்னமே பேசிக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கினாலும், அவர் சொல் கேட்டு வாங்காமல் திரும்பினாலும், அன்றைக்கே, பொழுது சாயுமுன் அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.