சிகிச்சைக்குப் பின் ஓய்வு மட்டும் போதுமா?



காஞ்சிபுரத்திற்கும் புற்றுநோய்க்கும் துயரமான ஒரு தொடர்பு உண்டு. இவ்வூரில் பிறந்த அறிஞர் அண்ணா, முதலமைச்சராக இருந்தபோதே 1969 பிப்ரவரி 3 அன்று அந்நோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை இன்று காரைப்பேட்டையில் இயங்குகிறது. நோய் வந்ததையும் சிகிச்சை நடந்ததையும் பற்றி நம் வீடுகளில் ஓரளவு பேசுகிறோம். சிகிச்சை முடித்துத் திரும்பிய மூத்த பெண்கள் அதன்பின் எப்படி வாழ வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை.

என் பெரியம்மா பட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அறுபத்தாறாம் வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, அல்லாஹ்வின் கிருபையால் நலமாக வீடு திரும்பினார். பிள்ளைகளும் மருமகள்களும் அவரைத் தாங்கினார்கள். தண்ணீர்க் குவளையைக்கூட அவர் எடுக்க விடவில்லை. கஞ்சியும், தேநீரும், ரஸ்கும் கட்டிலுக்கே வந்தன. ஆறு மாதம் கழிந்தபோது, சுவரைப் பிடிக்காமல் ஸஜ்தாவிலிருந்து அவரால் எழ முடியவில்லை. "நோயிலிருந்து எழுந்துவிட்டேன், தொழுகையில் எழ முடியவில்லையே" என்று என்னிடம் அழுதார்.

இதற்குக் காரணம் உண்டு. வயது ஏற ஏறத் தசை குறைகிறது. சிகிச்சையும் படுக்கையும் அதை விரைவுபடுத்துகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பல ஆண்டுகள் தரப்படும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். இந்நிலையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியக்கூடும். சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் சோர்வும் படுத்திருப்பதால் தீர்வதில்லை. அளவான உடற்பயிற்சியே அதைக் குறைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியையும், முதியோருக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம், அஸருக்குப் பின் பத்து நிமிடம் என்று தொடங்கினால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். பெரியம்மா மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை நாளுக்கு ஐந்து முறை என்று தொடங்கினார். மூன்று மாதத்தில் சுவரின் துணை தேவைப்படவில்லை.

"ஐவேளை தொழுகையே உடற்பயிற்சிதானே?" என்று சிலர் கேட்பார்கள். தொழுகை இபாதத், அதன் அசைவுகள் உடலுக்கு நன்மை தரலாம். ஆனால் அது நடைக்கும் தசைப் பயிற்சிக்கும் ஈடாகாது. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகையையும் மறக்கக் கூடாது.

அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்கள், கை வீங்கிவிடும் என்றஞ்சி எதையும் தூக்குவதில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் உள்ள பெண்கள் மேற்பார்வையுடனும், அழுத்த உறை அணிந்தும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கினார்கள். அவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. எனவே மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ அனுமதித்தபின், அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் தொடங்கலாம். வளையல் இறுகினாலோ, கை கனத்தாலோ, சிவந்து சூடானாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

இனி உணவு. மூத்தவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது. 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 18 கிராமும் உண்டு. பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியைவிட, பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் தாராளமாகச் சேர்ந்த நோன்புக் கஞ்சி மேலானது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால் எலும்புக்கும் உதவும். எடை மிகாமல் காப்பதும் முக்கியம். எனவே சர்க்கரைத் தேநீரும் ரஸ்கும் குறையட்டும்.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நானும் மாணவியருக்குக் கற்பிக்கிறேன். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறியவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஆகவே கருஞ்சீரகத்தையும் தேனையும் நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. எடுத்துக்கொள்வதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். நோயாளி பிறகு களாச் செய்யலாம், மீளும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம் என்று மார்க்கம் வழி திறந்திருக்கிறது. ரப்பு தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு அன்று.

வீட்டில் இத்தகைய தாயோ, மாமியாரோ இருந்தால், மாலையில் அவர் கையைப் பிடித்துத் தெருக்கோடிவரை கூட நடந்து வாருங்கள். கட்டிலுக்குத் தட்டு கொண்டுபோவதைவிட அது பெரிய பணிவிடை. அல்லாஹ் நம் மூத்தோருக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.