கொத்தின் நிழல் பக்கம்

வெயில் கூடிய வருடத்து ஒயின் புட்டியின் பின்பக்கத்தில் ‘தாராளமான பருவம்’ என்பதுபோல ஏதாவது அச்சடித்திருப்பார்கள். யாருக்குத் தாராளம் என்ற கேள்வி, அந்தப் பழத்தைக் கையால் பறித்தவர்களுக்குத்தான் வரும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிராம்பியன்ஸ் மலைகளுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று அறுவடைகள் வேலை பார்த்தேன். கணவர் படிக்க வந்திருந்தார். வீட்டு வாடகைக்காக நான் பழம் பறிக்கப் போனேன். அங்கே விளைந்தது சிரா என்ற கறுப்புத் திராட்சை. அந்த நாட்டில் ஷிராஸ் என்பார்கள். எங்கள் தோட்டத்துப் பழத்தை வேறெந்தப் பழத்தோடும் சேர்க்காமல் தனி ஒயினாகவே செய்தார்கள். பல தோட்டத்துப் பழங்களைக் கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டிவிடும். ஒரே தோட்டத்து ஒயினில் அது நடக்காது. அந்த நிலத்தில் அந்த வருடம் அடித்த வெயில் அப்படியே உள்ளே இருக்கும்.

அங்கே செப்டம்பரில் கொடி துளிர்க்கும், நவம்பர் வாக்கில் பூக்கும், ஜனவரி கடைசியில் காய் கறுக்கத் தொடங்கும். என் முதல் வருடம் குளிர்ச்சியானது. ஏப்ரலில்தான் பறித்தோம். இரண்டாம் வருடமோ மார்ச் தொடக்கத்திலேயே கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வெயில் ஏறினால் பழத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு குறையும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். ஆகவே வெயில் வருடத்து ஒயினில் ஆல்கஹால் கூடுதல். வாயில் கனமாக, நாவல்பழத்தைச் சர்க்கரையில் காய்ச்சியதுபோல இருக்கும். வெயில் அளவு மீறினால் தோலின் நிறமே குன்றும். சிராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. நன்றாகப் பழுத்த பிறகு கொடியிலேயே நீர் வற்றிச் சுருங்கத் தொடங்கும்.

ஒயின் செய்கிறவருக்கு அந்தச் சுருக்கம் செறிவு. வாளிக் கணக்கில் கூலி வாங்கிய எங்களுக்கோ, அதே வாளியை நிரப்ப இன்னும் பல கொத்துகள். பழம் வெந்துவிடாமல் இருக்க இலைகளைக் கிள்ளாமல் விடச் சொன்னார்கள். பறிக்கிறவளுக்கு நிழல் வேண்டுமே என்று எவரும் யோசிக்கவில்லை. எங்கள் வரிசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். கழிப்பறை தோட்டத்தின் மறுகோடியில் இருந்தது. போய்வந்தால் ஒரு வாளிக் கூலி போய்விடும். அதனால் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். “பிள்ளை, வெயில் பழத்தை மட்டுமே வத்த வைக்குது?” என்று ஒருநாள் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் புட்டியிலும் தண்ணீர் அப்படியே இருந்தது.

குளிர்ந்த இடத்துச் சிராவில் மிளகு மணக்கும் என்பார்கள். அது வெறும் உவமை அல்ல. ஷிராஸில் அந்த மணத்தைத் தருவது ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். அந்தப் பெயர் வந்த வழி என்னை நிறுத்தியது. கோரையின் தாவரவியல் பெயர் சைபரஸ் ரொட்டண்டஸ். கோரைக்கிழங்கில்தான் இந்தச் சேர்மத்தை முதலில் கண்டறிந்தார்கள். என் அப்பாயி நாள் முழுக்கக் குனிந்து வயலில் பிடுங்கிய களை அது. காயவைத்து இடித்து, பெண்பிள்ளைகளின் குளியல் பொடியில் சேர்த்ததும் அதைத்தான். அவள் விரலிலிருந்த மணத்துக்கும் இந்த ஒயினுக்கும் உறவு உண்டு.

எங்கள் வட்டாரத்து மவுண்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே தோட்டத்துக்குள்ளேயே வெயில் அதிகம் விழும் பகுதியில் ரொட்டண்டோன் குறைவு, குளிர்ந்த பகுதியில் அதிகம். குளிர்ந்த ஆண்டுகளில் அதிகம், வெப்பமான ஆண்டுகளில் குறைவு. கொத்தின் மேற்பரப்பு 25 டிகிரியைத் தாண்டினால் குறையத் தொடங்குகிறது. ஒரே கொத்திலும்கூட நிழல் பக்கத்துப் பழத்தில் கூடுதல்.

அந்த வெயில் வருடத்தில் புது ஒயினைச் சுவைக்க எங்களையும் கூப்பிட்டார்கள். ஊரில் சொன்னால் என்ன பேச்சு வரும் என்று தெரிந்தும் வாயில் வைத்தேன். முந்தைய வருடத்து மிளகு இல்லை. ஆனால் மலையோர வரிசைகளின் தொட்டியில் மட்டும் லேசாக இருந்தது. சொன்னேன். மேற்பார்வையாளர் முகர்ந்துவிட்டுச் சிரித்தார். “உங்கள் ஊர்க்காரர்களுக்கு எதில்தான் மிளகு இல்லை?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

2008இன் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோனின் மணம் தெரியவே இல்லை, அளவைக் கூட்டிக் கொடுத்தபோதும். அவர் அந்த ஐந்தில் ஒருவரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மணம் தெரியாதவர் தன் மூக்கைச் சந்தேகிக்கவில்லை. தெரிந்தவள்தான் தன்னைச் சந்தேகிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வெயில் விஷயத்திலும் அதுவே நடந்தது. தலை சுற்றுகிறது என்று சொன்னபோது, அப்படியொன்றும் சூடில்லையே என்று கொட்டகை நிழலிலிருந்து பதில் வந்தது.

மூன்றாம் வருடம் வேலைக்குச் சேருமுன் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து போனோம். விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடிக்க வேண்டும், வரிசை முனையில் கழிப்பறை வேண்டும், மணிக் கணக்கில் கூலி வேண்டும் என்று கேட்டோம். முதல் இரண்டும் கிடைத்தன. கூலி வாளிக் கணக்கிலேயே இருந்தது. அக்கா அந்த வருடம் தண்ணீர் குடித்தார்.

ஒயின் எழுதுகிறவர்கள் வெயில் வருடத்துக்குச் சர்க்கரை, புளிப்பு, ஆல்கஹால், மிளகு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன், கற்றும் இருக்கிறேன். அதோடு மூன்றைச் சேர்த்துக் கேட்கிறேன்: எத்தனை மணிக்குப் பறித்தார்கள், கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருந்தது, கூலி எந்தக் கணக்கில்?